கெடு இல்லாத ஒப்பந்தங்கள்

போன மாதம் பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு பையன். ஒடிசாக்காரன். ஒரகடத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. நெடுஞ்சாலை ஓரம் நினைவிடத்தின் தூண்கள் தெரிந்ததும், "அது பார்க்கா அங்கிள்?" என்று இந்தியில் கேட்டான். ராஜீவ் காந்தி இறந்த இடம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். "உடம்பு சரியில்லாமலா?" என்றான். எனக்குப் பகீர் என்றது. ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் பிறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன் நடந்த விஷயம்.

அன்று சாயங்காலம் கோயில் குளத்தங்கரையில் வழக்கமாகக் கூடும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். பேச்சு எங்கெங்கோ போய் கடைசியில் பயங்கரவாத ஒழிப்பு ஒத்துழைப்பு, அண்டை நாடுகள் என்று வந்து நின்றது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அடித்துச் சொன்னார்: "சார்க் செத்துப்போச்சு சார். பாகிஸ்தான் இருக்கிற வரைக்கும் அது தேறாது. அதான் இப்போ பிம்ஸ்டெக், கொழும்பு மாநாடுன்னு புதுசு புதுசா வந்துடுச்சே. இனிமே எல்லாம் சரியாயிடும்."

அவருக்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. கொசு கடித்தது, எல்லோரும் எழுந்துவிட்டோம். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சாருக்கு என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

சார்க் அமைப்பின் மூன்றாவது உச்சி மாநாடு 1987 நவம்பர் தொடக்கத்தில் காத்மாண்டுவில் நடந்தது. நவம்பர் 4 அன்று ஏழு உறுப்பு நாடுகளும் பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கான பிராந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு. ஆள் கடத்தல், விமானக் கடத்தல், கொலை, வெடிகுண்டு ஆகியவற்றை அரசியல் குற்றம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, குற்றவாளியை ஒப்படை, இல்லையேல் நீயே வழக்குத் தொடு, தகவல்களைப் பரிமாறிக்கொள். இதுதான் சாரம். 1988 ஆகஸ்ட் 22-ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மாநாட்டில் இந்தியப் பிரதமராக உட்கார்ந்திருந்தவர் ராஜீவ் காந்தி.

மூன்றரை வருஷம் கழித்து, 1991 மே 21 இரவு, நம் ஊரில் அவர் கொல்லப்பட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இன்னொரு நாட்டின் மண்ணில் திட்டமிட்டு, கோடியக்கரையில் படகிலிருந்து இறங்கி வந்தவர்கள் செய்த வேலை. அவரோடு பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள், கூட்டம் பார்க்க வந்தவர்கள் என்று பலர். அவர்களுடைய பெயர்களை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு தகவலும் உண்டு. ஒரு சர்வதேச ஒப்பந்தம் உள்நாட்டில் செல்ல வேண்டுமானால் அதற்கு நம் நாட்டுச் சட்டம் வேண்டும். இலங்கை 1988-லேயே 70-ஆம் எண் சட்டமாக அதை நிறைவேற்றிவிட்டது. இந்தியா எப்போது நிறைவேற்றியது தெரியுமா? 1993-ல். 36-ஆம் எண் சட்டம். கையெழுத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஐந்தரை வருஷம். அந்த இடைவெளியில்தான் கையெழுத்துப் போட்ட அரசின் பிரதமராக இருந்தவரே பலியானார். இந்தத் தாமதத்துக்கு பாகிஸ்தான்மீது பழிபோட முடியுமா? டில்லியில் ஏதோ ஒரு மேஜையில் அந்தக் கோப்பு தூங்கியது, அவ்வளவுதான்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். எங்களுக்கு ஒரு தபால் வந்தால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும், பிறகு அவரவர் தன்பதிவேட்டில் ஏறும். எத்தனை நாள் நிலுவை என்று மாதா மாதம் பட்டியல் எடுப்பார்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, பிறகு அதிகாரி பெயருக்கு நேர்முகக் கடிதம். இந்த முறையில் ஆயிரம் ஓட்டை உண்டு, நானும் சில கோப்புகளை அடியில் தள்ளியவன்தான். ஆனாலும் நிலுவைப் பட்டியல் என்று ஒன்று இருந்ததால் பயம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் சார்க் ஒப்பந்தத்தைப் படித்தபோது முதலில் தேடியது தேதிகளைத்தான். எத்தனை நாளில் பதில் தர வேண்டும்? எங்கும் இல்லை. ஒப்படைக்க மறுத்தால் வழக்கை "தாமதமின்றி" தன் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நான்காம் பிரிவு சொல்கிறது. "தாமதமின்றி" என்று எழுதிய எத்தனை உறைகளை நான் பார்த்திருக்கிறேன்! "மிக அவசரம்" என்று சிவப்பு முத்திரை குத்திய உறைகள்தான் அலமாரியில் அதிக நாள் கிடந்தவை.

ஏழாம் பிரிவு இன்னும் மோசம். வழக்கு அற்பமானது என்றோ, கோரிக்கை நல்லெண்ணத்தில் வரவில்லை என்றோ, வேறு எந்தக் காரணத்தாலோ ஒப்படைப்பது நியாயமில்லை அல்லது உசிதமில்லை என்று அந்த நாட்டுக்குத் தோன்றினால் ஒப்படைக்க வேண்டியதில்லை. "வேறு எந்தக் காரணம்", "உசிதம்", "தோன்றினால்" என்ற மூன்று சொற்களும் உள்ள அரசாணை என் மேஜைக்கு வந்திருந்தால் நான் வேலையே செய்யாமல் ஓய்வு பெற்றிருப்பேன்.

இந்த வாசகத்தை ஏன் வைத்தார்கள்? ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டின் கலகக்காரனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமையை விட விரும்பவில்லை. பாகிஸ்தான் அதைச் செய்தது, செய்கிறது, அதில் சந்தேகமில்லை. நாம் செய்யவில்லையா? என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1983-க்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சியும் பணமும் கிடைத்தன. தமிழர்கள் அங்கே கொல்லப்பட்டபோது நமக்கு எழுந்த கோபம் நியாயமானது, அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என்ன நடந்தது? கொழும்புக்குப் போக வேண்டிய வெடிகுண்டுப் பெட்டி இங்கேயே வெடித்து சுமார் 30 பேர் செத்தார்கள். அண்டை வீட்டுக்காரனுக்காக வளர்த்த பாம்பு முதலில் நம் கொல்லையில்தான் படுக்கும்.

இதே கதையை நான் பிரெஞ்சிலும் படித்திருக்கிறேன். பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில் ஆனதால் அந்தப் பத்திரிகைகளை வாசிக்கும் வழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்பெயினில் பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் தூக்கிய எட்டா அமைப்புக்கு, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த பிரெஞ்சுப் பகுதிதான் புகலிடம். ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்திலிருந்து தப்பி வந்தவர்கள் என்று பிரான்ஸ் அவர்களை அகதிகளாகப் பார்த்தது. ஃபிராங்கோ செத்து, ஸ்பெயினில் தேர்தல் ஜனநாயகம் வந்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. அங்கே கொலை, இங்கே தூக்கம். பிரான்ஸ் பதில் சொல்லாததால் ஸ்பெயின் அரசில் சிலர் கூலிப்படையை அனுப்பி பிரெஞ்சு மண்ணிலேயே ஆட்களைச் சுட வைத்தார்கள். அதில் சம்பந்தமே இல்லாதவர்களும் செத்தார்கள். ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் இதுதான் முளைக்கும். 1984-ல்தான் பிரான்ஸ் முதல் மூன்று பேரை ஒப்படைத்தது. 1992-ல் பிடார் என்ற ஊரில் எட்டாவின் தலைமையையே பிரெஞ்சுப் போலீஸ் வளைத்துப் பிடித்தது. 2018-ல் எட்டா தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

இதில் நமக்குப் பாடம் எங்கே இருக்கிறது என்றால், 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பொதுக் கைது ஆணையில். 2004 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஆளைப் பிடித்த 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள், அதற்கும் காரணம் எழுத வேண்டும். இரண்டு, முடிவெடுப்பவர் நீதிபதி. மந்திரிக்கு அங்கே இடமில்லை. தேதியும் நீதிபதியும் வந்ததும் "உசிதம்" என்ற சொல் வெளியே போய்விட்டது.

"அது ஐரோப்பா சார், நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்பீர்கள். நம்ம ஊர் என்றால் எது? இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஒரு சுற்று வாருங்கள். கொரியாக் கார், பிரெஞ்சுக் கண்ணாடி, ஜெர்மன் லாரி, ஜப்பான் பங்கு, பிரெஞ்சுப் பங்கு என்று உலகமே நம் ஏரிக்கரையில் இறங்கியிருக்கிறது. ஒரு பெட்டி உதிரி பாகம் பல நாட்டுக் காகிதங்களோடு துறைமுகத்தில் இறங்குகிறது. குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ். அதனால் ராத்திரி பகல் பாராமல் எடுக்கிறார்கள். நாடுகளுக்கு நடுவே காகிதம் வேகமாகப் போகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பம்பருக்கு டெமரேஜ் உண்டு. கொலை வழக்கு விசாரணைக்கு உதவி கேட்டு அனுப்பும் கடிதத்துக்கு டெமரேஜ் இல்லை. அது கிடக்கும் நாளுக்கு யாரும் பைசா கட்ட வேண்டாம்.

அந்தக் கடிதத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டு நீதிமன்றத்திடம் சாட்சியம் எடுத்துத் தரக் கேட்கும் கடிதத்தை லெட்டர் ரொகேட்டரி என்கிறோம். பிரெஞ்சில் கொமிஸியோன் ரொகத்துவார். லத்தீனில் ரொகாரே என்றால் கேட்பது, வேண்டுவது. ஆக, மனு. கொடுத்தால் கொடுப்பார்கள். ராஜீவ் கொலையின் பின்னால் இருந்த பெரிய சதியை விசாரிக்க, ஜெயின் ஆணையத்துக்குப் பிறகு 1998-ல் பல்துறைக் கண்காணிப்பு முகமை ஒன்றை அமைத்தார்கள். வெளிநாடுகளுக்கு இப்படிப்பட்ட மனுக்களை அனுப்பிய முகமை அது. இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. 2022-ல் கலைக்கப்பட்டது. அதே வருஷம்தான் தண்டனை பெற்றவர்களில் சிறையில் மிஞ்சியிருந்த ஏழு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. முப்பது வருஷம் சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். விசாரணையும் முடிவுக்கு வந்தது. எந்தப் பக்கம் நிற்பவரானாலும், இதை நிறைவான முடிவு என்று சொல்வாரா?

பிரபாகரனை இந்த ஒப்பந்தம் கொண்டுவந்திருக்குமா என்று கேட்கலாம். கொண்டுவந்திருக்காது. 1995-ல் இந்தியா அவரை ஒப்படைக்கக் கேட்டபோது யாழ்ப்பாணம் கொழும்பின் கையில் இல்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அவர் உலகப் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, ராஜீவ் கொலையைத் துன்பியல் சம்பவம் என்றார். சில நாளில் தமிழக சட்டமன்றம் அவரைக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கே போர் நிறுத்தம், சமாதானப் பேச்சு. அந்த நேரத்தில் ஒப்படைப்பது உசிதமில்லை என்று ஒரு அரசுக்குத் தோன்றினால், ஒப்பந்தப்படி அது தவறே இல்லை. என் புகாரே அதுதான். எது நடந்தாலும் மீறப்படாத ஒப்பந்தம் எதையும் கேட்காத ஒப்பந்தம்.

இன்னொரு பக்கம் கேளுங்கள். அசாமின் உல்ஃபா தலைவர்களில் ஒருவரான அனூப் சேத்தியா 1997 டிசம்பரில் டாக்காவில் கைதானார். இந்தியாவிடம் வந்து சேர்ந்தது 2015 நவம்பரில். நடுவில் 18 வருஷம். அந்தக் காலம் முழுவதும் இரண்டு நாடுகளும் சார்க் ஒப்பந்தத்தில் இருந்தன. டாக்காவில் ஆட்சியும் மனமும் மாறிய பிறகுதான் ஆள் வந்தார். இரு நாட்டு நட்பு இருந்தால் போதும் என்பவர்கள் இந்த 18 வருஷத்துக்குக் கணக்குச் சொல்லட்டும். நட்பு நல்ல நாளில் வேலை செய்யும். எழுதி வைத்த கெடு கெட்ட நாளுக்கு.

தகவல் பரிமாற்றம் மட்டும் போதும் என்கிற கட்சியும் உண்டு. 2019 ஈஸ்டர் ஞாயிறை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களும் ஓட்டல்களும் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியா ஏப்ரல் 4-ஆம் தேதியே எச்சரித்திருந்தது. பெயரோடு எச்சரித்தது. அங்கே அது கடிதமாகி அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. தேவாலயக் கதவை மூடச் சொல்ல ஒருவரும் இல்லை. கடைசியில் 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனாவையும் அதிகாரிகளையும் நஷ்ட ஈடு கட்டச் சொன்னது. சிறிசேனா மட்டும் 10 கோடி இலங்கை ரூபாய். தபால் வந்தது, பதிவானது, மேல்நடவடிக்கை இல்லை. எந்த ஊர் அலுவலகமானாலும் இந்த வியாதி ஒன்றுதான். என்ன நடவடிக்கை எடுத்தாய் என்று இத்தனை நாளில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், யாராவது ஒரு குமாஸ்தாவாவது அந்தக் காகிதத்தை மேலே தூக்கி வைத்திருப்பான்.

ஆகவே தலைமையாசிரியர் சாருக்குச் சொல்கிறேன்: புதுப் பலகை மாட்டினால் கடை புதிதாகிவிடாது. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை, உண்மை. ஊரித் தாக்குதலுக்குப் பிறகு 2016 இஸ்லாமாபாத் மாநாட்டைப் புறக்கணித்ததும் சரிதான். ஆனால் பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக்கைப் பாருங்கள். அதன் பயங்கரவாத எதிர்ப்பு ஒப்பந்தம் 2009-ல் கையெழுத்தாகி 2021-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே யாரைக் குறை சொல்வீர்கள்? ஷாங்காய் அமைப்பில் 2025 ஜூனில் நம் பாதுகாப்பு மந்திரி கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். செப்டம்பரில் தியான்ஜின் அறிக்கையில் பஹல்காம் தாக்குதலுக்குக் கண்டனம் வந்தது. வெற்றி என்றார்கள். பஹல்காமில் செத்த 26 பேருக்கு ஒரு பத்தி கிடைத்தது. விசாரணைக்கு என்ன கிடைத்தது?

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பயங்கரவாதம் என்பதன் மூலச்சொல்லான தெரோரிஸ்ம் பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்தது. அப்போது அதற்கு அர்த்தம், அரசாங்கமே மக்களை அச்சுறுத்தி ஆளும் முறை. கில்லட்டினை இயக்கியவர்கள் ஆட்சியில் இருந்தவர்கள். நம் அனுபவமும் கொஞ்சம் அப்படித்தான். இலங்கையில் 1979-ல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை தமிழ் இளைஞர்களை விழுங்கியது! இங்கே ராஜீவ் வழக்கிலேயே 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. அவசரம் நியாயத்தை மிதித்துவிடும் என்பதற்கு நம் பக்கத்து ஊர் நீதிமன்றமே சாட்சி. அதனால்தான் கெடுவோடு நீதிபதியையும் கேட்கிறேன். திருப்பி அனுப்பினால் சித்திரவதைதான் நடக்கும் என்றால் நீதிபதி மறுக்கட்டும். ஆனால் காரணத்தை எழுதி, தேதி போட்டு மறுக்கட்டும். இன்றைய "உசிதம்" அப்பாவியைக் காப்பாற்றும் கவசம் என்று யாரும் ஏமாற வேண்டாம். அது மந்திரிக்குக் கவசம். வேண்டியவனை வைத்துக்கொள்ளவும், வேண்டாதவனைத் தள்ளிவிடவும் அதே சொல்தான் பயன்படும்.

எல்லா நாடும் சம்மதித்தால்தானே முடியும் என்றால், இந்தியா தனியாகவே தொடங்கலாம். சார்க்கில் ஒருமித்த முடிவு வேண்டும், பிம்ஸ்டெக்கிலும் அப்படியே. ஆனால் நம் நிலுவைப் பட்டியலை நாமே வெளியிட யாருடைய சம்மதமும் வேண்டாம். பெயர் வேண்டாம், ரகசியம் வேண்டாம், எண்ணிக்கை போதும். பெரிய வீட்டுக்காரன் முதலில் தன் வாசலைப் பெருக்கினால் மற்றவர்களுக்கும் கூச்சம் வரும்.

நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியானாலும், ஒரு கேள்வி கேட்கலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்வியாக இருந்தாலும் போதும். வரைவை நானே எழுதித் தருகிறேன், பழைய பழக்கம்:

உள்துறை அமைச்சர் கீழ்க்காணும் விவரங்களைத் தெரிவிப்பாரா:

(அ) சார்க், பிம்ஸ்டெக் உறுப்பு நாடுகளிடமிருந்து பயங்கரவாத வழக்குகளில் உதவி கோரிக் கடந்த ஐந்தாண்டுகளில் வந்த கோரிக்கைகள் எத்தனை, அவற்றில் நிலுவையில் உள்ளவை எத்தனை;

(ஆ) அந்நாடுகளுக்கு இந்தியா அனுப்பியவற்றில் பதில் வராதவை நாடுவாரியாக எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மாதமாக நிலுவையில் உள்ளது;

(இ) பதில் தருவதற்குக் கெடு விதிக்கவும், ஒப்படைப்பு முடிவை நீதிமன்றத்திடமே விடவும் இந்த ஒப்பந்தங்களைத் திருத்த அரசு முன்மொழியுமா. இல்லையெனில், காரணம் என்ன?

இதைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் எம்.பி. அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு வருவேன். குளத்தங்கரை நண்பர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. தலைமையாசிரியர் சார் வந்தால் இன்னும் நல்லது. முப்பது நாள் பார்ப்பேன். பிறகு நினைவூட்டு அனுப்புவேன்.